பெருந்தொற்றுக்குப் பிறகு கப்பலேறினால்

முன்பெல்லாம் சொகுசுக் கப்பலில் முதல் நாள் சாயங்காலத்தைக் கெடுப்பதற்கென்றே மஸ்டர் டிரில் என்று ஒன்று இருந்தது, ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று பழக்கும் ஒத்திகை. ஏழு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கு ஊதும். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, நம் அட்டையில் போட்டிருக்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். சில கப்பல்களில் லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். உயிர்காக்கும் படகுகளுக்கு அடியில், காற்று வராத இடத்தில், முன்னால் நிற்பவரின் ஜாக்கெட் முகத்தில் இடிக்க, அரை மணி நேரத்துக்கு மேல் அந்த நிலை. யாராவது இரண்டு பேர் பாரை விட்டு எழுந்து வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வரும்வரை மொத்தக் கூட்டமும் காத்திருக்கும்.

இந்தத் தடவை ரோமுக்குப் பக்கத்திலுள்ள சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறினேன். கப்பலின் ஆப்பில் ஒரு வீடியோ பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். அப்புறம் சாப்பிடப் போகிற வழியில் எனக்குக் குறித்திருந்த இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்த பெண் அட்டையை ஸ்கேன் செய்து, "சங்கு ஊதினால் நேராக இங்கே வந்துவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான், டிரில் முடிந்தது.

கொரோனா காலத்தில் கூட்டத்தை ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது. தொற்றுப் பயம் போன பிறகும் பெரும்பாலான கம்பெனிகள் இதையே வைத்துக்கொண்டன. பயணிகளுக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் ஏறிய இடம் சிவிடவெக்கியா என்பதால் கொஞ்சம் உறுத்தியது. 2012 ஜனவரியில் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்த கோஸ்டா கான்கார்டியா கப்பல் அன்று சாயங்காலம் கிளம்பியதும் இங்கிருந்துதான். அதில் 32 பேர் இறந்தார்கள். இங்கே ஏறியவர்களுக்கு அதுவரை டிரில் நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. அந்த விபத்துக்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விதிப்படி அவரும் டிரில் முடித்தவர்தான்.

ஒருகாலத்தில் கப்பல்களில் என்னவெல்லாம் கட்டுப்பாடு இருந்தது என்று இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வைத்தபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள்; 700 பேருக்கு மேல் தொற்று. மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்கள் பயணிகளை ஏற்றத் தடை போட்டது. அந்த ஆகஸ்டில் எம்எஸ்சி கிராண்டியோசா என்ற கப்பல் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து மறுபடி கிளம்பியபோது கரையில் இறங்கினால் கப்பல் குழுவோடு மட்டும்தான் சுற்ற வேண்டும். நேப்பிள்ஸில் குழுவை விட்டுப் பிரிந்து போன ஒரு குடும்பத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ளவே இல்லை. சிங்கப்பூரில் எந்த ஊருக்கும் போகாமல் கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களை விற்றார்கள், அதற்கும் கூட்டம் வந்தது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் கிளம்ப 2021 ஜூன் ஆகிவிட்டது.

முகக்கவசம், மூக்கில் குச்சி, ஊசிச் சான்றிதழ், மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு எல்லாம் போய்விட்டன. நான் போன கப்பலில் அந்தக் காலத்தின் தடயம் என்று தேடினால் லிஃப்ட் பக்கத்தில் பாதி உரிந்த ஒரு ஸ்டிக்கர்தான் கிடைத்தது. தரையில் பாதம் வரைந்து, இடைவெளி விட்டு நிற்கச் சொல்வது. அதன்மேல் நின்றபடி ஒன்பது பேர் லிஃப்டுக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

பஃபேயும் பழையபடி ஆகிவிட்டது. கப்பல்கள் மீண்டும் ஓட ஆரம்பித்த நாட்களில் நாம் விரலால் காட்ட வேண்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஊழியர் எடுத்துப் போடுவார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. தட்டில் தேவையானது மட்டும் விழும், கரண்டியை ஆயிரம் கை தொடாது. இப்போது கரண்டி நம் கைக்கே வந்துவிட்டது. வாசலில் ஒரு பையன் சானிடைசர் பாட்டிலை வைத்துக்கொண்டு "வாஷி வாஷி" என்று ராகம் போட்டுப் பாடுகிறான். அந்தப் பாட்டு தொற்றுக்கு முன்னாலிருந்தே உண்டு. ஆனால் கப்பலில் வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் போகும். பஃபே வாசலிலேயே கை கழுவும் தொட்டி வைத்த கப்பல்களை நான் கூடுதலாக நம்புகிறேன். இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவு பாடம் படித்த பிறகும் 2024இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்த கப்பல் வயிற்றுப்போக்குப் பரவல்கள் அதற்கு முந்தைய பத்தாண்டில் எந்த ஆண்டையும்விட அதிகம். பயணிகள் கை கழுவுவதை மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கழிப்பறையில் நின்று கவனித்தால் உங்களுக்கும் தோன்றும்.

போன பட்டியல் அது. போகாமல் தங்கிவிட்ட பட்டியலில் முதலில் வருவது போன். சாப்பாட்டு மெனு, நாடகத்துக்கு இடம் பிடிப்பது, பில், கரையில் சுற்றுலா, எல்லாமே ஆப்பில். ராத்திரி கேபினுக்குத் திரும்பினால் படுக்கையில் மறுநாள் நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். அதில் போக வேண்டியதையெல்லாம் பேனாவால் வட்டம் போடுவது தனி சுகம். இப்போது அந்தத் தாள் வேண்டுமென்றால் வரவேற்பு மேசையில் போய்க் கேட்க வேண்டும். நான் கேட்டேன். எனக்கு முன்னால் அதே வேலையாக ஒரு வயதான தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய போன் பழையது, ஆப் ஏறவில்லை. இரவு உணவுக்கு இடம் பிடிக்க அன்றாடம் வந்து இப்படி நிற்கிறார்களாம். காகிதத்தை யாரும் தொட வேண்டாம் என்று தொடங்கிய ஏற்பாடு, அச்சுச் செலவும் ஆள் செலவும் மிச்சம் என்று தெரிந்ததும் நிலைத்துவிட்டது. தொற்றுக்காக வந்தவற்றில் கம்பெனிக்குக் கூலி மிச்சம் பிடித்தவை தங்கிவிட்டன, செலவு வைத்தவை கிளம்பிவிட்டன என்பது என் கணக்கு.

கப்பலில் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பது மட்டும் இரண்டு பக்கத்துக்கும் லாபம். மத்தியானம் மொத்தப் பேரும் வந்து குவியும் அந்தப் பழைய திருவிழா இப்போது இல்லை.

இணையம் வேகமானது தொற்றால் அல்ல, ஆனாலும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. முன்பு கப்பல்கள் நம்பியிருந்த செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. ஒரு படம் அனுப்பிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 500 கிலோமீட்டர் அளவிலேயே சுற்றுகின்றன. 2022இலிருந்து பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதைப் பொருத்தின. வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகிய கூட்டம் இப்போது லேப்டாப்போடு கப்பலேறுகிறது. நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மேலே சட்டையும் கீழே நீச்சல் கால்சட்டையுமாக உட்கார்ந்து, யாரிடமோ காலாண்டுக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பின்னணியில் அலை தெரியக் கூடாது என்று சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார், பாவம்.

அந்த இணையத்தால் உண்மையில் வாழ்க்கை மாறியது ஊழியர்களுக்குத்தான். என் கேபின் ஸ்டூவர்ட் பிலிப்பைன்ஸ்காரர். முதல் நாள் கதவைத் தட்டி அவர் கேட்ட முதல் கேள்வியே, "காலையில் சுத்தம் செய்யவா சார், சாயங்காலமா?" முன்பு இரண்டு வேளையும் வருவார்கள். ராத்திரி படுக்கையை விரித்து, துண்டை மடித்து ஒரு யானையோ குரங்கோ செய்து வைத்துவிட்டுப் போவார்கள். தொற்றுக் காலத்தில் கேபினுக்குள் ஆள் வருவதைக் குறைத்தார்கள். பிறகு பல கம்பெனிகள் சாதாரண அறைகளுக்கு ஒரு வேளையே போதும் என்று முடிவு செய்துவிட்டன. "அப்படியென்றால் வேலை பாதியாகியிருக்குமே" என்றேன். சிரித்தார். "ஒரு வேளையைக் குறைத்தார்கள் சார், அறைகளைக் கூட்டிவிட்டார்கள்" என்றார்.

2020 மே மாதம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். மணிலா விரிகுடாவில். ஊழியர்களைக் கொண்டுவந்த கப்பல்கள் அப்போது வரிசையாக அங்கே நங்கூரமிட்டிருந்தன. பரிசோதனை முடிவு வராமல் யாரையும் இறக்கவில்லை. பயணிகள் இல்லாததால் பணியாளர்களுக்குப் பயணிகள் அறையையே கொடுத்திருந்தார்கள். பால்கனியோடு அறை கிடைத்தது அவருக்கு வேலைக்காலத்திலேயே அந்த ஒரு தடவைதானாம். "பால்கனியில் நின்றால் ஊர் தெரியும். என் மகள் கரையிலிருந்து போனில் டார்ச் அடித்துக் காட்டினாள். ஆயிரம் விளக்குக்கு நடுவில் எது அவளுடையது என்று எப்படித் தெரியும்? தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்." இப்போது வேலை முடிந்ததும் வீடியோவில் அவளுடைய வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறாராம். துண்டு யானை செய்ய மறந்துவிட்டதா என்று கேட்டதற்கு, கடைசி நாளன்று ஒன்று செய்து வைத்திருந்தார். காது ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

கப்பல்களே மாறிவிட்டன. ஓட்டமில்லாமல் நின்ற மாதங்களில் பழைய, நடுத்தர அளவுக் கப்பல்கள் பலவற்றைக் கம்பெனிகள் கைகழுவின; கார்னிவல் ஃபேன்டசி உள்ளிட்டவை துருக்கியின் அலியாகா கடற்கரையில் உடைபட்டன. அவற்றின் இடத்துக்கு வருபவை ராட்சதக் கப்பல்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய ஐகான் ஆஃப் தி சீஸ் 20 தளங்கள் கொண்டது, 7,600 பயணிகள் வரை ஏற்றலாம். டைமண்ட் பிரின்சஸில் அன்று அடைபட்டிருந்த பயணிகளும் ஊழியர்களும் சேர்ந்தாலே அதன் பாதிதான் வரும். இனிமேல் யார் கப்பலேறுவார்கள் என்று 2020இல் கேட்டவர்களில் நானும் உண்டு. 2019இல் உலகம் முழுக்கக் கப்பல் பயணிகள் சுமார் 2 கோடியே 97 லட்சம். 2024இல் 3 கோடியே 46 லட்சம்.

இவ்வளவு பேரும் எங்கே இறங்குவது? தொற்றுக் காலத்தில் கப்பலே வராத துறைமுக ஊர்க்காரர்கள் தங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டார்கள். வெனிஸின் ஜூடெக்கா கால்வாய் வழியாக, சான் மார்கோ சதுக்கத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து குனிந்து பார்த்தபடி போனது எனக்கு நினைவிருக்கிறது. அருமையான காட்சி, கீழே இருந்தவர்களுக்கு நாங்கள்தான் காட்சியை மறைத்தோம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களுக்கு அந்த வழி கிடையாது. அலாஸ்காவின் ஜூனோ ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்தது. கிரேக்கத் தீவான சாந்தோரினி 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று நிறுத்திக்கொண்டது. கம்பெனிகளோ கரீபியனில் தங்களுக்கென்றே தீவையும் கடற்கரையையும் வளைத்துப்போட்டு அங்கே இறக்குகின்றன. நாற்காலி முதல் இளநீர் வரை எல்லாம் அவர்களுடையதே. அதை ஊர் பார்த்த கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

சாந்தோரினியில் இந்த முறை நான் இறங்கவில்லை. படகுக்கு வரிசை, கரையில் கேபிள் காருக்கு வரிசை, இறங்கி வர மறுபடி வரிசை. எல்லோரும் போன பிறகு கப்பலில் நீச்சல்குளம், நாற்காலி, காபி, மூன்றும் கேட்டவுடன் கிடைத்தன. எரிமலைச் சரிவும் வெள்ளை வீடுகளும் மேல்தளத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தன. அடுத்த தடவை பயணம் பதியும்போது கப்பலில் எத்தனை சறுக்குமரம் இருக்கிறது என்று பார்க்கப் போவதில்லை. நாம் போகும் நாளில் அந்தத் துறைமுகத்தில் இன்னும் எத்தனை கப்பல் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பல துறைமுகங்கள் அந்த அட்டவணையை மாதக்கணக்கில் முன்னதாகவே வெளியிட்டுவிடுகின்றன.