குழந்தையின் முதல் சொல்

இரண்டு நாளாகத் தயாப் மொழி மனசை விட்டுப் போகவில்லை. பாப்புவா நியூ கினியில், செபிக் ஆறு கடலை நெருங்கும் பகுதியின் சதுப்புக் காட்டுக்குள் இருந்த காப்புன் என்ற ஒரே ஊரின் மொழி. அறிந்தவரை வேறெந்த மொழியோடும் அதற்கு உறவில்லை.

1980களின் நடுவில் மானுடவியலாளர் டான் குலிக் அங்கே போனபோது சுமார் 90 பேர் பேசினார்கள். பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையும் பேசவில்லை. இன்று 50 பேர்கூட இல்லை. யாரும் தடை போட்டு அழிக்கவில்லை. நாட்டின் பொதுமொழியான டோக் பிசின் வீட்டுக்குள் வந்தது. தாய்மார்கள் தம்மை அறியாமலே பிள்ளைகளிடம் அதில் பேசத் தொடங்கினார்கள். கேட்டால், பிள்ளைகள்தான் பிடிவாதமாகத் தயாப் பேச மறுக்கிறார்கள் என்றார்களாம்.

என்னை உலுக்கியது வேறொன்று. அந்த ஊரில் குழந்தையின் முதல் சொல் 'ஒக்கி' என்று நம்பினார்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை. 'நான் போகிறேன்' என்று பொருள். கைக்குழந்தை மழலையில் ஏதோ முனகினாலும் பெற்றவள் காதில் அப்படித்தான் விழுமாம். அந்த ஒரு சொல் தயாப். அவள் திரும்பக் கொஞ்சுவதோ பெரும்பாலும் டோக் பிசினில்.