பொறியும் குழாயும் ஒன்றல்ல

காரைக்குடிக்குத் தெற்கே செம்மண் நிலத்தில் எங்கள் குடும்பத்துக்கு 3 ஏக்கர் தோப்பு இருக்கிறது. மாவும் சப்போட்டாவும் நிற்கும் அந்தத் தோப்பின் இடைவெளியில், குத்தகைக்குப் பார்ப்பவர் கத்தரி போடுகிறார். காய்த்துளைப்பான் புழுவுக்கு மருந்தடித்துச் சலித்துப்போன நாங்கள், சென்ற ஆண்டு ஏக்கருக்கு 5 என்ற கணக்கில் இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டினோம். காலையில் போய்ப் பார்த்தால், சோப்புத் தண்ணீரில் வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகளுடன், அந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சிகள் மிதக்கும். எனக்கோ தாங்க முடியாத மகிழ்ச்சி. ஆனால் நுனித் தண்டுகள் வாடுவதும் காயில் துளை விழுவதும் குறையவே இல்லை. "இதுல விழுறது பூராவும் ஆம்பளைப் பூச்சிங்கய்யா, முட்டை வைக்கிறவ வெளியிலல்ல திரியுறா" என்றார் குத்தகைக்காரர். நான் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பெண் அந்து ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து, மருந்துக் குப்பியின் மூடியைப் போன்ற ரப்பர்த் துண்டில் ஏற்றிப் பொறியில் வைக்கிறார்கள். ஓர் ஆண் பல பெண்களுடன் சேரக்கூடியது என்பதால், பத்தில் ஏழு ஆண்களைப் பிடித்தாலும் மிஞ்சிய மூன்றே இனத்தைப் பெருக்கிவிடும். ஆகவே பூச்சி வந்துவிட்டதா, எவ்வளவு வந்திருக்கிறது என்று அறியவே பொறி பெரிதும் உதவும்.

வாசனையைக் கொண்டே பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் வழி வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களில், பழத்தைத் துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சியான காட்லிங் அந்துக்கு எதிராக, அதன் வாசனைப் பொருளை நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ஏக்கருக்குச் சுமார் 400 வீதம் கிளைகளில் முறுக்கிக் கட்டுகிறார்கள். அந்த அந்துகள் மர உச்சியில்தான் கூடும் என்பதால், குழாயும் மரத்தின் மேற்பகுதியில்தான் இருக்க வேண்டும். வாசனை தோட்டம் முழுவதும் பரவி நிற்கும்போது, ஆண் ஒன்று போலித் தடத்தைப் பிடித்து அலைகிறது, அல்லது அதன் உணர்கொம்பு மரத்துப்போய் உண்மையான பெண்ணின் அழைப்பை உணராமல் விடுகிறது. எந்தப் பூச்சியும் சாவதில்லை. இணை சேராத பெண் இடும் முட்டை பொரிப்பதில்லை, அவ்வளவுதான்.

1959இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனாண்ட், சுமார் 5 லட்சம் பெண் பட்டு அந்துகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்து இவ்வகைப் பொருளை முதன்முதலில் இனங்கண்டார். 1978இல் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எதிராக இந்த முறை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலும் பருத்திக்காரர்கள் அத்தகைய குழாய்களைச் செடியில் கட்டுகிறார்கள்.

அப்படியானால் நம் தோப்பிலும் கட்டலாமே என்று எனக்கும் ஆசை பிறந்தது. ஆனால் ஒரு வாசனை ஒரு பூச்சியைத்தான் குழப்பும். கத்தரி அந்துக்கான குழாய் சப்போட்டாவில் இலை பிணைக்கும் புழுவின் அந்துவை ஒன்றும் செய்யாது. எங்கள் ஊர்க் கடையிலோ பொறியும் ரப்பர்த் துண்டும்தான் கிடைக்கின்றன. இவற்றைவிடப் பெரிய தடை வேலிக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்துத் தோப்பில் இணை சேர்ந்துவிட்ட பெண் அந்து பறந்து வந்து நம் செடியில் முட்டையிட்டால், எத்தனை குழாய் கட்டியும் பயனில்லை. சிறு தோப்பில் ஓரங்களே அதிகம். ஆடிக் காற்று வேறு வாசனையை ஓரிடத்தில் நிற்க விடாது. 1995இல் வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து பெரும்பரப்பு முழுவதற்கும் குழாய் கட்டத் தொடங்கியதும் இதனால்தான்.

எங்கள் கிழக்கு வேலிக்கு அடுத்த தோப்பில் ஏழு பங்காளிகள். அவர்களில் மூவர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், இருவர் வழக்கில் இருக்கிறார்கள். குழாய்க்கு யாரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குவது? ஆகவே இந்தத் தை மாதம் முதல், விழும் அந்துகளை நாள்தோறும் எண்ணிக் குறித்து வைக்கிறோம். எண்ணிக்கை ஏறும் வாரத்தில் குத்தகைக்காரர் வாடிய நுனிகளைக் கிள்ளி, புழுவோடு சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எரிக்கிறார்.