பிவிண்டி: கொரில்லாவும் பட்வாவும்

பிவிண்டிக்குப் போகிறவர்கள் கொரில்லாவுக்காகத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான். உகாண்டாவின் தென்மேற்கில், காங்கோ எல்லையை ஒட்டிய மலைக்காடு இது. பனியுகத்தில் ஆப்பிரிக்கக் காடுகள் சுருங்கியபோதும் அழியாமல் தப்பியது. சுற்றியுள்ள சரிவுகளில் பக்கிகா விவசாயிகள் படி வெட்டி உருளையும் பீன்ஸும் வாழையும் போட்டிருக்கிறார்கள். வயல் முடிகிற இடத்தில் சட்டென்று காடு. நடுவில் புதர்கூட இல்லை.

வெளிநாட்டவருக்கு அனுமதிச் சீட்டு 800 டாலர், ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், பார்க்க ஒரு மணி நேரம். தடம் பார்ப்பவர்கள் விடியலிலேயே போய், கொரில்லாக்கள் முந்தின இரவு படுத்த இலைப்படுக்கையிலிருந்து தேட ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினோம். இல்லாவிட்டால் எறும்பு உள்ளே ஏறிவிடும்.

முதுகு வெளுத்த தலைவன் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. தண்டை உரிப்பதும் மெல்லுவதும்தான் வேலை. நாள் முழுக்கத் தழை தின்னும் வயிறு என்பதால் ஓயாமல் காற்றுப் பிரிகிறது. எந்த ஆவணப்படத்திலும் இந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

முகக்கவசம் கட்டாயம். நம் சளி அவற்றுக்கு உயிரையே எடுக்கும். 1996-இல் இங்கே ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சிரங்கு வந்து குட்டி ஒன்று செத்தது. சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்டிருந்த அழுக்குத் துணியிலிருந்து தொற்றியிருக்கலாம் என்று கருதினார்கள். அப்போது சிகிச்சை செய்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, பின்னர் ஊர்மக்களின் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்பைத் தொடங்கினார். மனிதருக்கு மருந்து கொடுக்காமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் கணக்கு. 2018 கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் 459 கொரில்லாக்கள் இருந்தன.

அப்புறம் பட்வா மக்கள். தேனும் வேட்டையுமாக இந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள். 1991-இல் தேசியப் பூங்கா அறிவிப்போடு வெளியேற்றப்பட்டார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குத் தீக்கடைந்து காட்டுகிறார்கள், தேன் எடுப்பதை நடித்துக் காட்டுகிறார்கள். எனக்குக் கைதட்டக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த வருமானமும் இல்லையென்றால் பக்கிகா நிலத்தில் தினக்கூலிதான் என்றார் வழிகாட்டி.

அந்த வெளியேற்றம் பற்றிய வழக்கில் 2021-இல் உகாண்டா அரசியலமைப்பு நீதிமன்றம் பட்வாக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவரிடம் அதைக் கேட்டேன். “தீர்ப்பு வந்தது, நிலம் வரவில்லை” என்றார். அதற்குள் அடுத்த ஜீப் வந்துவிட்டது. ஈட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.