குளோரின் இருந்தும் பச்சை: எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் ஸ்டெபிலைசரை இறக்கிய அனுபவம்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் பாதிப்பேர் டிசிசிஏ 90 என்ற குளோரின் மாத்திரையை நம்பித்தான் இருக்கிறார்கள். 200 கிராம் மாத்திரை, பிளாஸ்டிக் மிதவையில் மூன்று போட்டுவிட்டால் ஒரு வாரம் கவலையில்லை. எங்கள் குளமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர். ஆக 40,000 லிட்டர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

ஆகஸ்ட் மாதம் படிக்கட்டு மூலையில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகும், இரண்டு நாளில் திரும்பி வரும். சுவர் வழவழப்பாகவே இருந்தது. பராமரிப்புக்கு வரும் தம்பி, குளோரினைச் சோதிக்கும் சொட்டு மருந்தைக் குளத்துத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். "பாருங்கக்கா, நல்லா மஞ்சளா வருது. குளோரின் குறையவே இல்ல. கொஞ்சம் துத்தம் போட்டுடலாமா?" துத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செம்பு தண்ணீரிலேயே தங்கிவிடும், டைல்ஸில் கறை ஏறும். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. குளோரின் இருக்கிறது, பாசியும் வருகிறது. எப்படி?

விடை அந்த மாத்திரைக்குள்ளேயே இருந்தது. வெறும் குளோரினை வெயில் தின்றுவிடும். நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட். அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. டிசிசிஏ என்பது குளோரினும் சயனூரிக் ஆசிட்டும் சேர்ந்த ஒரே பொருள். குளோரின் வேலை முடித்துப் போய்விடும், ஸ்டெபிலைசர் போகாது. ஆவியாகாது, வெயிலில் அழியாது, மணல் ஃபில்டரிலும் நிற்காது. எங்கள் குளத்தில் ஒரு மாத்திரை கரைந்தால் குளோரின் 4.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), கூடவே ஸ்டெபிலைசர் 2.7 பிபிஎம். வாரம் மூன்று என்றால் மாதம் 35 பிபிஎம் ஏறுகிறது. ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷில் வெளியேறும் தண்ணீரும் மழையும் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான்.

ஸ்டெபிலைசர் ஏற ஏற, பிடிபட்டுக் கிடக்கும் குளோரின் கூடிக்கொண்டே போகும். வங்கியில் பணம் இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி ஃபிக்ஸட் டெபாசிட்டில் என்பது மாதிரி. சொட்டு மருந்து மொத்த இருப்பைக் காட்டுகிறதே தவிர, கையில் உள்ளதைக் காட்டுவதில்லை. மஞ்சளாக வரும் ஓடிஓ மட்டுமல்ல, இளஞ்சிவப்பாக வரும் டிபிடி சோதனையும் இந்த விஷயத்தில் அப்படித்தான். ஸ்டெபிலைசரைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

முதலில் சோதனைப் பட்டை வாங்கினேன். காசு தண்டம். நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 50ஆ 100ஆ என்றே தெரியவில்லை. பிறகு ஆன்லைனில் மெலமைன் கரைசலோடு வரும் கிட் வரவழைத்தேன். குளத்துத் தண்ணீரும் கரைசலும் சம அளவு, குப்பியில் ஊற்றிக் குலுக்கி, கிட்டில் சொன்ன நேரம் வைத்தால் தண்ணீர் பால் போல வெளுக்கும். கூடவே ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் கறுப்புப் புள்ளி. கலங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் நிறுத்திப் பக்கவாட்டுக் கோட்டைப் படிக்க வேண்டும். வெளியில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை நம் நிழலில் இடுப்பளவில் பிடித்துப் பார்ப்பது முக்கியம். வீட்டுக்குள் டியூப்லைட்டில் பார்த்தால் புள்ளி சீக்கிரமே மறைந்து அளவு கூடுதலாகத் தெரியும். கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தால் இல்லாத புள்ளியும் தெரியும், அதுவும் வேண்டாம்.

எங்கள் தண்ணீருக்கு 100 என்ற கோட்டைத் தொடுவதற்கு முன்பே புள்ளி காணாமல் போனது. குழாயில் மேலிருந்து கீழே வர வர எண் கூடும், அடியில் இருக்கும் 100தான் கடைசிக் கோடு. அதற்கு மேல் அளக்க, குளத்துத் தண்ணீரோடு சம அளவு குடிநீர் கலந்து, அந்தக் கலவையைச் சோதித்து, வருவதை இரண்டால் பெருக்க வேண்டும். 80 வந்தது. ஆக 160. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் உச்சவரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம். வீட்டுக் குளத்துக்கு 30 முதல் 50 போதும்.

ஸ்டெபிலைசர் அளவில் ஏழரை சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 40க்கு 3 பிபிஎம் போதும், 160க்கு 12 வேண்டும். வந்துவிட்ட பாசியைக் கொல்ல சுமார் 40 சதவீதம், அதாவது எங்களுக்கு 64 பிபிஎம். பத்து சதவீத ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவக் குளோரின்) அந்த அளவை ஒருமுறை எட்டவே 25 லிட்டர் ஊற்ற வேண்டும். அதற்குப் பதில் தண்ணீரை மாற்றுவதே புத்திசாலித்தனம். மருந்து போட்டு ஸ்டெபிலைசரை இறக்குகிறோம் என்று விற்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

160ஐ 40க்குக் கொண்டுவர முக்கால் குளத்தை இறைக்க வேண்டும். எங்கள் பக்கம் மணல் பூமி, நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. குளம் காலியாக இருக்கும்போது கீழிருந்து வரும் நீரழுத்தம் தரையை விரிசல் விட வைக்கலாம், ஃபைபர் குளம் என்றால் தூக்கியே விடும். அதனால் செப்டம்பரில், மழை தொடங்கும் முன், பாதி மட்டும் இறைத்தோம். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ விடவில்லை. மறுபடி நிரப்ப இரண்டு லாரித் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பும் கடினமும், அதை விட்டால் டைல்ஸில் வெள்ளைப் படிவுதான் மிஞ்சும். பம்பை ஒரு நாள் முழுக்க ஓட்டிக் கலந்தபின் அளந்தால் 80 அளவில் நின்றது. அப்போது சுமார் 13 லிட்டர் ஹைப்போ ஊற்றி, மாலையும் காலையும் அளந்து, குறைந்ததை ஈடுகட்டிக்கொண்டே பிரஷ் போட்டதில் பாசி அடங்கியது. குளோரின் இறங்கும்வரை யாரையும் குளத்தில் இறங்க விடவில்லை, பிள்ளைகளுக்குத்தான் கோபம்.

மீதி வேலையை மழையிடம் விட்டேன். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். எங்கள் குளத்தின் பரப்பில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 3,200 லிட்டர், அதாவது எட்டு சதவீதம். கனமழை அறிவிப்பு வந்தால் அரைச் சாண் அளவுக்கு இறைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பருவத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும், அதற்கு மேல் இறைக்கவில்லை. பொங்கல் முடிந்து அளந்தபோது 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தது.

இதில் கார அளவும் பிடிபட்டது. முன்பு ஆல்கலினிட்டி 110 என்று காட்டியதில், ஸ்டெபிலைசர் அளவான 160இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்திருந்தது. அதைக் கழித்தால் உண்மையான கார்பனேட் 57தான். டிசிசிஏ அமிலத்தன்மை உள்ளது, அது வேறு தொடர்ந்து கரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. மழைநீரும் இதைக் குறைக்கும், சமையல் சோடா போட்டு ஏற்றினோம்.

இப்போது தினசரிக் குளோரினுக்கு ஹைப்போதான். எங்கள் குளத்துக்கு 400 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம். வெயில் காலத்தில் கேனில் இருக்கும்போதே வீரியம் குறைந்துவிடும் என்பதால் நிழலில் வைத்து, சிறுகச் சிறுக வாங்குகிறோம். பிளீச்சிங் பவுடரிலும் ஸ்டெபிலைசர் கிடையாது, ஆனால் சுண்ணாம்புச் சத்து ஏறும். டப்பாவில் ட்ரைகுளோரோ, டைகுளோரோ என்ற பெயரோடு ஐசோசயனூரேட் வந்தால் உள்ளே ஸ்டெபிலைசர் இருக்கிறது என்று தம்பிக்கும் சொல்லிவைத்தேன்.

டிசிசிஏவை அடியோடு விடவில்லை. ஊருக்குப் போகும்போது மிதவையில் மூன்று மாத்திரை, அதற்கான 8 பிபிஎம்மை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அந்த டப்பா ஒரு அறையில், பிளீச்சிங் பவுடர் வேறு அறையில். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றுக்குப் பயன்படுத்திய கரண்டியைக்கூட இன்னொன்றில் விடக் கூடாது.