ஏழு கோள்களின் தாளம்

இன்று இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏழு கோள்களின் சுற்றுகளை இசையாக மாற்றிய பதிவொன்றைக் கேட்டேன். உள்ளே இருக்கும் கோள் அடுத்த கோளை முந்தும்போதெல்லாம் ஒரு முரசடி விழுகிறது. ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை.

சுமார் 40 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் கோள்கள் அவை. ஏழையும் நம் புதனின் பாதைக்குள்ளேயே அடக்கிவிடலாம்.

இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுத்தும் அவை எப்படிச் சிதறவில்லை?

2017-இல் கணினியில் செய்த தொடக்கக் கணிப்புகள் பலவற்றில், இந்தக் குடும்பம் பத்து லட்சம் ஆண்டுக்குள் குலைந்துபோனது. விண்மீனின் வயதோ ஏறத்தாழ 760 கோடி ஆண்டுகள்!

காப்பது ஒத்திசைவுதான். கடைசிக் கோள் 2 முறை சுற்றும் நேரத்தில், உள்நோக்கி வரிசையாக மற்றவை ஏறத்தாழ 3, 4, 6, 9, 15, 24 முறை சுற்றுகின்றன. சந்திப்புகள் இப்படி ஒழுங்காக அமைவதால், இழுப்புகள் சேர்ந்து பாதையைக் குலைப்பதில்லை. பிறந்த காலத்தில் விண்மீனைச் சூழ்ந்திருந்த வாயுத் தட்டில் மெல்ல நகர்ந்து வந்தபோதே கோள்கள் இவ்வாறு பூட்டிக்கொண்டன என்று கொண்டு டொராண்டோ ஆய்வாளர்கள் மீண்டும் கணித்தபோது, பாதைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்தன. எனக்கு இதைவிட அழகான விடை தெரியாது.

முதல் கோளுக்கு ஓராண்டு என்பது நம் 36 மணி நேரம். நாளை மறுநாள் காலை நான் காபி குடிக்கும்போது அது ஒரு சுற்றை முடித்திருக்கும்.