அந்தமானிலிருந்து புதுச்சேரிக்குப் பாய்மரப் படகில்

போர்ட் பிளேரும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நம் புதுச்சேரியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நடுவே சுமார் 760 கடல் மைல், அதாவது 1,400 கிலோமீட்டர், வெறும் கடல். ஜனவரியில் அங்கிருந்து கிளம்பினால் வாடைக்காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், மேற்கே திருப்பிப் பாயைச் சரியாகக் கட்டிவிட்டால் படகு தானாக ஓடும். குருசுக்குப்பத்து அண்ணன் ஒருவரின் 36 அடிப் படகு. அவர், அவருடைய நண்பர், தேவனாம்பட்டினத்துக்காரனான நான், மூன்றே பேர்.

மணிக்கு 5 கடல் மைல் கிடைத்தாலே நல்ல ஓட்டம், அப்படியும் ஆறேழு நாள் ஆகும். அந்த நாட்களை நடத்துவது அலையோ புயலோ இல்லை, தூக்கம்தான். ஆளுக்கு மூன்று மணி நேரக் காவல், அப்புறம் ஆறு மணி நேரம் ஓய்வு என்பது கணக்கு. நடுவில் காற்று ஏறினால் பாயைச் சுருக்க எல்லோரும் எழ வேண்டும், சோறு வடிக்க வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும், மிச்சம் இருப்பதுதான் தூக்கம். "தம்பி, உன் முறை" என்று அண்ணன் தோளைத் தொட்டால் அடுத்த நொடி எழுந்துவிட வேண்டும், ஏனென்றால் அவரும் அதே அளவு களைத்துப்போயிருக்கிறார். காவலில் கண்ணயரவும் முடியாது. அடிவானத்தில் விளக்காகத் தெரியும் சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் தலைமேல் வந்து நிற்கும். பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவி அலறும்தான், ஆனாலும் கண்ணால் பார்ப்பதற்கு ஈடில்லை. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் கிளம்பி, இரண்டே பேராக எட்டு மாதம் உலகைச் சுற்றி வந்தார்கள். செய்தியில் படித்தபோது பெருமையாக இருந்தது. காவல் பார்த்த பிறகு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உடம்புக்கே தெரிந்தது.

சமையல் தனிக்கதை. படகு இடப்பக்கம் சாய்ந்தே ஓடுகிறது, அடுப்பு தொட்டில் மாதிரி ஆடித் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும். மூடி பூட்டிக்கொள்வதால் குக்கர்தான் தெய்வம். மூன்றில் ஒரு பங்கு கடல்தண்ணீர் ஊற்றிச் சோறு வைத்தால் உப்பே வேண்டாம், நல்ல தண்ணீரும் மிச்சம். முதலில் கீரை, அப்புறம் தக்காளி, கடைசியில் வெங்காயமும் புளிச்சோறும். விடியற்காலையில் தளத்தில் விழுந்து கிடக்கும் கோலா மீனை அப்படியே வறுத்துவிடுவோம். துணியைக் கடல்தண்ணீரில் அலசினால் காயவே காயாது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரவுக் காவலில் எனக்குப் பிடித்தது துருவ நட்சத்திரம். நேர் மேற்கே போவதால் வலப்பக்கம் அதே உயரத்தில், நீட்டிய கையின் முஷ்டிக்குச் சற்று மேலே, கடைசி வரை அது அசையவே இல்லை. அந்த உயரம் மாறாமல் போனால் நம் கரை வந்துவிடும், பழைய மாலுமிகளுக்கு இதுவே வழி. சூரியன் மட்டும் தினமும் எட்டு நிமிடம் தாமதமாக உதித்தது. கடிகாரம் ஒன்றுதான், நாங்கள்தான் தினமும் இரண்டு பாகை மேற்கே நகர்ந்துகொண்டிருந்தோம்.

ஆழ்கடலைவிடக் கடைசி இரவுதான் பதற்றம். கரை நெருங்க நெருங்க எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகுகள். பலவற்றில் ஏஐஎஸ் கிடையாது, வலையின் முனையில் சிமிட்டும் சின்ன விளக்குதான் அடையாளம். ஒரு படகிலிருந்து டார்ச்சை ஆட்டி "வலை கெடக்கு, தெக்கால போங்க!" என்று கத்தினார்கள். அவர்கள் பிழைப்பு அந்த வலையில் இருக்கிறது. உடனே திருப்பினோம், சுற்றிப் போனதில் இரண்டு மணி நேரம் கூடியது, பரவாயில்லை.

புதுச்சேரியின் மீன்பிடித் துறைமுகமான தேங்காய்திட்டு முகத்துவாரத்தில் மணல் மேடு, எங்கள் படகின் அடிப்பாகமோ ஆழமானது. அதனால் வெளியிலேயே நங்கூரம் போட்டோம். கரைக்கு ஏற்றிப்போன பெரியவர் அந்தமான் என்றதும் வியக்கவெல்லாம் இல்லை. சின்ன வயதில் கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடியவராம். "வாடைக்கு எவ்வளவு தெக்கால இழுத்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டார். அடியில் ஈயக்கனம் தொங்குவதால் அவ்வளவாக இழுக்காது என்று அண்ணன் சொல்ல, கரை தட்டும் வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.