ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டவேண்டிய தாள்: சாண்டா கிளாரா கவுண்டியில் எதற்கு யாரை அழைப்பது

முகவரியில் 'சான் ஹோசே' என்று இருக்கும். ஆனால் வீடு சான் ஹோசே நகரத்துக்குள் இருக்காது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். கவுண்டிக்குள் 15 நகரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் எந்த நகரத்தோடும் சேராத துண்டு நிலங்களும் உண்டு. ஆலம் ராக், பர்பாங்க் பக்கத்துச் சில தெருக்கள், தெற்கே சான் மார்ட்டின் எல்லாம் அப்படி. அங்கே நகரப் போலீஸ் கிடையாது, கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப்தான். சாலைக் குழியும் கட்டட அனுமதியும் கவுண்டி அலுவலகத்தின் பொறுப்பு. தபால் வசதிக்காக வைத்த ஊர்ப் பெயரை நம்பிப் போன் செய்தால், "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில்தான் வரும்.

அதனால் தாளில் எழுதவேண்டிய முதல் வரி போன் நம்பர் அல்ல, நீங்கள் எந்த நகரத்துக்குள் இருக்கிறீர்கள் என்பது. கவுண்டியின் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் தெரிந்துவிடும். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். குப்பர்டினோவிலும் சாரடோகாவிலும் நகரத்துக்கென்று தனிப் போலீஸ் இல்லை, ஒப்பந்தப்படி ஷெரிஃப் பார்த்துக்கொள்கிறார். குப்பர்டினோவில் தீயணைப்பும் கவுண்டித் துறையுடையதுதான். சன்னிவேலில் போலீசும் தீயணைப்பும் ஒரே துறை. ஒரே ஆள் இரண்டு வேலைக்கும் பயிற்சி பெற்றவர். அங்கே நெஞ்சு வலிக்கு அவசர எண்ணான 911 அடித்தால் முதலில் போலீஸ் வண்டி வந்து நிற்கலாம். பதற வேண்டாம், முதலுதவி செய்யத்தான் அவர் வருகிறார்.

911 அழைப்பில் அவர்கள் முதலில் கேட்பது என்ன நடந்தது என்று அல்ல, எங்கே என்றுதான். லைன் அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் "ப்ளீஸ் ஹெல்ப், மை ஃபாதர்..." என்று தொடங்கி முகவரிக்கு வர அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையில் பழகிக்கொள்ளுங்கள்: வீட்டு எண், தெரு, அப்பார்ட்மென்ட் எண், நகரம், பக்கத்துக் குறுக்குத் தெரு, கேட் கோடு. அதற்குப் பிறகு "மை ஃபாதர், செவன்ட்டி டூ, செஸ்ட் பெயின், ஹி இஸ் அவேக்". வயது, என்ன நடக்கிறது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. இவ்வளவு போதும். பிறகு வரும் கேள்விகள் வண்டியைத் தாமதப்படுத்துவதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்குத் தகவல் போயிருக்கும். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

இரண்டு அப்பார்ட்மென்ட் கட்டடங்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் சங்கடம். போன் தரும் இருப்பிடத்தை வைத்து வளாகம் தெரியும், மாடியும் கதவும் தெரியாது. ஒருவர் கீழே இறங்கி கேட்டருகே நின்று கை காட்டவேண்டும். ஆள் இல்லையென்றால் வாசல் விளக்கைப் போட்டு, கதவுப் பூட்டைத் திறந்து வையுங்கள்.

நெடுஞ்சாலையில் விபத்து என்றால் அழைப்பு கலிபோர்னியா ஹைவே பேட்ரோலுக்குப் போகும், அல்லது அங்கே மாற்றுவார்கள். சாலை எண், போகும் திசை, கடைசியாகத் தாண்டிய எக்ஸிட் மூன்றையும் சொல்லவேண்டும். "280 நார்த், டி ஆன்சா எக்ஸிட் தாண்டி" என்றால் வண்டி சரியான பக்கத்தில் வரும். திசை சொல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் வந்து, அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்ப வேண்டியிருக்கும். அழைப்பை மாற்றும்போது சில நொடி அமைதியாக இருக்கும். கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டு மறுபடி அடிப்பவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். தவறுதலாக 911 அழுத்திவிட்டாலும் வைத்துவிடாமல் "பை மிஸ்டேக், நோ எமர்ஜென்சி" என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால் திரும்ப அழைப்பார்கள், எடுக்காவிட்டால் ஆள் அனுப்பக்கூடும்.

ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா அப்பாவுக்குத்தான் இந்தத் தாள் அதிகம் தேவை. பகல் முழுக்க அவர்கள்தான் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். 108 அடித்தே பழகிய கை, இங்கே அது வேலைக்கு ஆகாது. அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. "தமிழ், தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்பார்கள், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், காத்திருக்கவேண்டும். 'இந்தியன்' என்று சொன்னால் இந்தி ஆள் வந்துவிடுவார், அதனால் தமிழ் என்ற சொல்லே வாயில் வரவேண்டும். வீட்டு முகவரியைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், எண்களைத் தனித்தனியாக.

அவர்கள் கையில் இந்திய சிம் போட்ட போன் இருந்தால் இன்னும் ஒன்று கவனிக்கவேண்டும். இங்கே இணைப்பு இல்லாத செல்போனிலிருந்தும் 911 போகும், ஆனால் லைன் அறுந்தால் அவர்களால் திரும்ப அழைக்க முடியாது. அதனால் ஒரு சாதாரண அமெரிக்க இணைப்பாவது வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது. வாட்ஸப்பில் 911 அழைக்க முடியாது. வைஃபை காலிங் போட்டிருந்தால் செட்டிங்ஸில் எமர்ஜென்சி அட்ரஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். வீடு மாறியபின் பலர் பழைய முகவரியை அப்படியே விட்டிருப்பார்கள்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கே தனியாக இருக்கும் உறவினருக்காக அழைக்க நேர்ந்தால் 911 உதவாது, அது அழைக்கிறவர் இருக்கும் இடத்துக்கான எண். அதற்குப் பத்து இலக்க எண் வேண்டும். ஷெரிஃப் பகுதிக்குக் கவுண்டி கட்டுப்பாட்டு அறை 408-299-2311, சான் ஹோசே போலீசுக்கு 408-277-8900. முன்னால் +1 சேர்த்து இரண்டையும் ஊரில் இருக்கும் அண்ணன், தங்கையின் போனிலும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அவசரமில்லாத போலீஸ் விஷயங்களுக்கும் இவையே: நேற்றிரவு கார் கண்ணாடியை உடைத்தார்கள், பக்கத்து வீட்டில் நள்ளிரவு சத்தம். திருடன் இப்போது உள்ளே இருக்கிறான் என்றால் மட்டும் 911. பேச முடியாத நிலையில் 911-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். ஆங்கிலத்தில், முகவரி முதலில், படம் இல்லாமல்.

மனம் உடைந்து உயிரை விட நினைப்பவருக்கு 988. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இதே எண். இந்தக் கவுண்டியில் அதன் வழியாக 'டிரஸ்ட்' என்ற குழுவை வீட்டுக்கே கேட்கலாம், போலீஸ் இல்லாமல் வருவார்கள். உங்கள் போன் எண் டெக்ஸஸிலோ நியூஜெர்சியிலோ வாங்கியதென்றால் முன்பு 988 அந்த ஊருக்குப் போய்விடும். 2024 முதல் பெரிய செல்போன் நிறுவனங்கள் நீங்கள் இருக்கும் இடத்தை வைத்தே அழைப்பை அனுப்புகின்றன, ஆனால் எல்லா நிறுவனங்களும் அல்ல. வெளியூர் எண் வைத்திருப்பவர்கள் கவுண்டி மனநல எண்ணான 1-800-704-0900-ஐயும் வைத்துக்கொள்ளவேண்டும். வீட்டுக்குள் அடி, மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது என்றால் மைத்ரி: 1-888-862-4874. 1991 முதல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தெற்காசியப் பெண்களுக்காக இயங்கும் அமைப்பு. இந்த எண்ணை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதாதீர்கள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

குழந்தை மாத்திரையையோ கழுவும் திரவத்தையோ விழுங்கிவிட்டால், நினைவோடு இருக்கும்வரை 1-800-222-1222. நச்சு நிபுணர்கள் இரவு பகலாக இருக்கிறார்கள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், லேபிளைப் படிக்கச் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் நம் பழக்கம் வேண்டாம். மயங்கிவிட்டாலோ மூச்சுத் திணறினாலோ நேரே 911.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், உள்ளே நின்று போன் பேசாமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போங்கள். அங்கிருந்து 911, பிறகு கேஸ், மின்சாரக் கம்பெனியான பிஜி&இ 1-800-743-5000. மீட்டரின் பக்கவாட்டுக் குழாயில் இருக்கும் வால்வைக் கால் சுற்று திருப்பினால், தகடு குழாய்க்குக் குறுக்கே வந்து நிற்கும், அதுதான் மூடிய நிலை. 12 அங்குல ஸ்பேனர் ஒன்றை மீட்டர் பக்கத்திலேயே கட்டி வையுங்கள். நிலநடுக்கம் வந்தவுடன் வாடையே இல்லாமல் முன்ஜாக்கிரதையாக மூடிவிடுகிறவர்கள் உண்டு. மூடியதை நீங்களே திறக்கக்கூடாது, கம்பெனி ஆள்தான் வரவேண்டும். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அது நாள்கணக்கில் ஆகும். வாடையோ சீறும் சத்தமோ இருந்தால் மட்டும் மூடுங்கள்.

மின்சாரம் போனால் எல்லோருக்கும் பிஜி&இ அல்ல. சாண்டா கிளாரா நகரத்துக்குச் சொந்த மின்வாரியம் உண்டு, பெயர் சிலிக்கான் வேலி பவர். பாலோ ஆல்டோ மின்சாரம், கேஸ், தண்ணீர் மூன்றையும் தானே தருகிறது. மாதாந்திர பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய எண்ணைத் தாளில் எழுதுங்கள். குப்பர்டினோவில் சாக்கடை பொங்கினால் நகர அலுவலகத்தைத் தேடவேண்டாம், அதற்கென்று தனி சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. பிளம்பரை அழைக்கும் முன் அவர்களை அழைக்கவேண்டும். அடைப்பு தெருவின் பெருங்குழாயில் என்றால் அவர்கள் வேலை, வீட்டுக் குழாயில் என்றால்தான் உங்கள் செலவு. வேலி நடக் குழி தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்னால் 811, இலவசம். கேஸ் குழாய் மேல் மஞ்சள், மின்கம்பி மேல் சிவப்பு, தண்ணீர் மேல் நீலம் என்று தரையில் கோடு போட்டுக் காட்டுவார்கள்.

இனி கவுண்டி அலுவலகங்கள். அவசரமில்லை, ஆனால் பணம் போவது இங்கேதான். சொத்து வரியில் மூன்று வாசல் இருக்கிறது. வீட்டின் மதிப்பு பற்றி அசெஸர், பில்லும் பணமும் பற்றி வரி வசூல் துறை, மதிப்பை எதிர்த்து முறையீடு என்றால் கிளார்க் ஆஃப் தி போர்ட். பில் வரவில்லை என்று அசெஸரை அழைத்தால் ஒன்றும் நடக்காது. முதல் தவணைக்குக் கெடு டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10. தாண்டினால் 10 சதவீத அபராதம். பில் வரவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. புதிதாக வீடு வாங்கியவர்களைக் கவிழ்ப்பது சப்ளிமென்டல் பில், அதாவது வீடு கைமாறியதும் மதிப்பு மாறுவதால் வரும் கூடுதல் வரி பில். வருடாந்திர வரியை வங்கி எஸ்க்ரோவிலிருந்து (மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் பணம்) கட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் இந்த பில் பெரும்பாலும் நேரே வீட்டுக்காரர் பெயருக்கு வரும், வங்கி கட்டாது. வாங்கிய சில மாதங்கள் கழித்து, ஒரு சாதாரண உறையில் விளம்பரக் கடிதங்களோடு கலந்து வரும். பிரிக்காமல் எறிந்துவிடாதீர்கள். குடியிருக்கும் சொந்த வீடு என்றால் பிப்ரவரி 15-க்குள் ஹோம்ஓனர்ஸ் எக்ஸெம்ப்ஷன் (வீட்டுக்காரர் வரிச்சலுகை) படிவம் கொடுங்கள். மதிப்பில் 7,000 டாலர் கழியும், வரியில் சுமார் 70 டாலர். ஒருமுறை கொடுத்தால் அந்த வீட்டில் இருக்கும்வரை போதும்.

பிறப்புச் சான்றிதழைக் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி இருக்கும் கவுண்டியில் கேட்கவேண்டும், வீடு இருக்கும் கவுண்டியில் அல்ல. ரெட்வுட் சிட்டியில் பிறந்தால் சான் மட்டேயோ கவுண்டி. ஆஸ்பத்திரி தரும் பாதச்சுவடு பதித்த அழகான தாள் எதற்கும் செல்லாது. தபாலில் கேட்டால் உறுதிமொழித் தாளில் நோட்டரி கையெழுத்து வேண்டும், இல்லாமல் அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) வேலைக்கு அபோஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல மாநிலம் தரும் முத்திரை) தேவைப்பட்டால் சான்றிதழில் யார் கையெழுத்து என்று பாருங்கள். கவுண்டி கிளார்க்-ரெக்கார்டர் என்றால் நேராக மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். சுகாதார அலுவலர் கையெழுத்து என்றால் முதலில் கவுண்டி கிளார்க்கிடம் இன்னொரு சான்று வாங்கவேண்டும். இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொண்டால் ஒன்று தபாலில் இருக்கும்போது மற்றது கையில் இருக்கும்.

குறைந்த வருமானத்தாருக்கான மருத்துவக் காப்பீடு மெடி-கால், உணவு உதவி கால்ஃபிரெஷ் இரண்டும் கவுண்டி சமூக சேவைத் துறையில். டிரைவிங் லைசென்ஸ் மாநிலம், பாஸ்போர்ட் மத்திய அரசு. கொசுத் தொல்லைக்குக் கவுண்டி வெக்டர் கன்ட்ரோல், தோட்டத்துத் தொட்டியில் விடக் கொசுப் புழு தின்னும் மீனையும் இலவசமாகத் தருவார்கள். எது யாருடையது என்றே தெரியாவிட்டால் 211, சரியான அலுவலகத்தைச் சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

கடைசியாக எச்சரிக்கைகள். போன் தானாக அலறும் எச்சரிக்கை பெரிய ஆபத்துக்கு மட்டும் வரும். உங்கள் தெருவுக்கான வெளியேற்றச் செய்தி வேண்டுமென்றால் கவுண்டியின் எச்சரிக்கைச் சேவையான 'அலர்ட் எஸ்சிசி'யில் நீங்களே பதிந்துகொள்ளவேண்டும். 2017 பிப்ரவரியில் கயோட்டி க்ரீக் பொங்கி சான் ஹோசேயில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற நேர்ந்தபோது, எச்சரிக்கை வரும் முன்பே பலர் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பதியும்போது வீட்டு முகவரி, அலுவலக முகவரி, பிள்ளைகளின் பள்ளி மூன்றையும் கொடுங்கள். அம்மா அப்பாவின் போனையும் சேர்த்துவிடுங்கள். ஓடைக்கு அருகே வீடு என்றால் தண்ணீர் வாரியமான 'வேலி வாட்டர்' (Valley Water) இலவச மணல் மூட்டை தரும் இடத்தை மழைக்காலத்துக்கு முன்பே, அக்டோபரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.